வெள்ளை மையும் ஒரு நிறமே

வெள்ளை நிறத்தை அச்சிடுவதில் என்ன கடினம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் நாம் அன்றாடம் படிக்கும் பாடநூல்களில் வெள்ளை மை ஒரு துளியும் இல்லை. அங்கே வெண்மையாகத் தெரிவது தாளே! வண்ணப் படங்களைப் பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கொண்டே அச்சிடுகின்றனர். வண்ண மைகள் மூன்றும் நிறக் கண்ணாடி போன்றவை. தாளின் வெண்மை அவற்றினூடே ஒளிர்வதால்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரிகிறது.

தாளே கருநீலமாக இருந்தால்? நம் புதுச்சேரியில் இக்கேள்வி இயல்பாகவே எழும். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தினர் 1959ஆம் ஆண்டில் இங்குக் கையால் காகிதம் செய்யும் தொழிற்கூடத்தைத் தொடங்கினர். பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக்கி, ஒவ்வொரு தாளாகச் சல்லடையில் வார்த்தெடுப்பது அத்தொழில். அத்தகைய வண்ணத் தாளில் வாழ்த்து அட்டை செய்ய யாருக்குத்தான் ஆசை வராது?

வைத்திக்குப்பத்துக் கடற்கரையின் இரவுக் காட்சியை நாம் வரைவதாக வைத்துக்கொள்வோம். கருநீலத் தாளில் மஞ்சள் நிலவு, சிவப்புப் படகு, வெண்ணுரை. இதைக் கணிப்பொறியில் வெக்டர் ஓவியமாக, அதாவது கணக்கிட்ட புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன ஓவியமாக, வரைகிறோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் இதன் விளிம்பு சிதையாது. திரையில் படம் அழகாகவே தெரியும். அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்தால் நிலவு மங்கிப் போகும். நுரை காணாமலே போகும். ஏனெனில் கணிப்பொறிக்கு வெள்ளை என்றால், "இங்கே எதையும் அச்சிடாதே" என்று பொருள். வெள்ளையும் ஒரு மை என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

முதலாவதாக, "ஒயிட்" என்ற பெயரில் ஒரு தனி நிறத்தை, அச்சகத்தார் கூறும் ஸ்பாட் கலராக, உண்டாக்க வேண்டும். திரையில் அது கண்ணுக்குத் தெரிவதற்காக ரோஸ் போன்ற எடுப்பான நிறத்தைக் கொடுக்கலாம். அச்சில் ஏறுவது வெள்ளை மையே. அதன் அளவு 100 சதவிகிதமாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, நுரைக்கு மட்டுமன்றி நிலவுக்கும் படகுக்கும் அடியிலும் வெள்ளை வேண்டும். அதைத் தனி லேயரில் வைத்து, ஓவர்பிரிண்ட் என்னும் கட்டளையைத் தர வேண்டும். தராவிட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள நிறங்களுள் கீழே உள்ளதைக் கணிப்பொறி வெட்டி நீக்கிவிடும்.

மூன்றாவதாக, அடியிலுள்ள வெள்ளையை நிலவைவிட ஒரு மயிரிழை சிறிதாக்க வேண்டும். அச்சில் தாள் சற்றே நகர்ந்தாலும் நிலவைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியாது. ஸ்கிரீன் அச்சில் வெள்ளையை முதலில் அச்சிட்டு, உலர்ந்த பிறகே மற்ற நிறங்களை ஏற்றுவர்.

வார்னிஷுக்கும் இதே முறைதான். ஆண்டு மலரின் அட்டையில் பள்ளியின் பெயர் மட்டும் பளபளக்க வேண்டுமானால், அவ்வெழுத்துகளின் வடிவத்தை "வார்னிஷ்" என்னும் தனி நிறமாக மேல் லேயரில் வைக்க வேண்டும். இங்கும் ஓவர்பிரிண்டை மறந்தால், எழுத்தின் நிறம் நீங்கி வெறும் அட்டையே பளபளக்கும்! கைக்காகிதம் வார்னிஷை உறிஞ்சிவிடும். வழுவழுப்பான அட்டையே அதற்கு ஏற்றது.

அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே திரையில் பார்ப்பது இன்றியமையாதது. வெள்ளைக்குரிய பக்கத்தில் நுரை, நிலவு, படகு மூன்றும் முழுமையாகத் தெரிகின்றனவா? நிலவுக்குரிய பக்கத்தில் நிலவு வெட்டுப்படாமல் இருக்கிறதா? இதற்குப் பத்து நிமிடம் போதும். பாராமல் விட்டால், மாணவியர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், ஒருவர் கையால் ஒவ்வொன்றாக வார்த்தெடுத்த தாள்களும் வீணாகும். அச்சேறிய மையைத் துடைத்தெடுக்க இயலாதன்றோ?

அட்டையைக் கையில் வாங்குவோர் நிலவின் அழகைப் புகழ்வார்கள். அதன் அடியிலுள்ள வெள்ளையை எவரும் காணமாட்டார்கள். ஆயினும் அது இல்லையேல் நிலவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலையையும் கருத்தோடு செய்யப் பழகுவோமாக.