எரியுற மலை எல்லாம் எரிமலையா? உங்க வீட்டு நாலாம் கிளாஸ் கேட்டா என்ன சொல்வீங்க?

கோடை ஆரம்பிச்சா தேனி, போடி பக்கம் மொட்டை மாடியில் நின்னவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். ராத்திரி எட்டு மணிக்கு மலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஓடும். காட்டுத் தீ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ, நாலாம் வகுப்புப் படிக்கிற அவ மகள் என் கையைப் பிடிச்சு இழுத்து, "சித்தி, அங்க பாரு... மலை எரியுது. இதுதான் எரிமலையா?"னு கேட்டா.

நான் போனில் ஏதோ ஸ்க்ரோல் பண்ணிட்டிருந்தேன். "ஆமா பாப்பா, எரியுற மலைதானே எரிமலை"னு விளையாட்டாச் சொல்லிட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் எரிமலை பாடம். 'உங்களுக்குத் தெரிந்த எரிமலை எது?'ங்கிற கேள்விக்கு அவ எழுந்து, "எங்க போடி மலை, எங்க சித்தி சொன்னாங்க"னு சொல்லியிருக்கா. வகுப்பே சிரிச்சிருக்கு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அவ வகுப்பில் வாயே திறக்கலைனு அக்கா போனில் சொன்னப்போ, எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஒன்பது வயசுப் பிள்ளை கேள்வி கேட்கிறதை நிறுத்துறதுக்கு, பெரியவங்களோட ஒரு சோம்பேறி பதில் போதும்.

அந்தப் பதிலைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டிலும் ஒரு குட்டி எரிமலை, புதைபடிவம், வரலாறுனு நோட்டைத் தூக்கிட்டு வந்தா, நீங்க என்னை மாதிரி மாட்டிக்க வேண்டாம்.

போடி மலை ஏன் எரிமலை இல்லை?

முதல்ல வித்தியாசத்தைச் சொல்லிடலாம். காட்டுத் தீயில் எரியுறது மலைமேல் இருக்கும் புல்லும் சருகும். தீ வெளியிலிருந்து வருது, பெரும்பாலும் மனுஷங்களாலதான். அது விளையாட்டும் இல்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்துபோனது இதே மலையில்தான்.

எரிமலையில் சூடு வர்றது உள்ளேயிருந்து. பூமியின் மேலோடு ஒரே துண்டு கிடையாது, பல தட்டுகளாக இருக்கு. அந்தத் தட்டுகள் மோதும், விலகும் இடங்களிலும், ஆழத்திலிருந்து சூடு மேலே எழும் சில இடங்களிலும் பாறை உருகிக் குழம்பாகும். அதில் கரைஞ்சிருக்கும் வாயு, மேலே வர வர நுரைச்சுப் பொங்கும். கோலி சோடாவைக் குலுக்கித் திறந்தா என்ன ஆகும்? அதே கதைதான்.

ஸ்கூல் கண்காட்சியில் களிமண் மலை செஞ்சு, சமையல் சோடாவும் வினிகரும் ஊத்துறாங்களே, அது சரியா? பாதி சரி. வாயுதான் தள்ளுதுங்கிற விஷயத்தை அது சரியாகவே காட்டும். ஆனா நிஜ எரிமலைக்குள்ள வினிகரும் இல்லை, சோடாவும் இல்லை, உருகிய பாறை. அதோட வெப்பம் சுமார் 700-லிருந்து 1,200 டிகிரி செல்சியஸ் வரை. இந்த ஒரு வரியை மாடல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்க, குட்டிக்குப் புரிஞ்சிடும்.

தேனி, தட்டுகளின் ஓரத்தில் இல்லை. அதனால் இங்கே எரிமலை இல்லை. 'அப்போ இந்தியாவிலேயே இல்லையா?'னு அடுத்த கேள்வி வரும். இருக்கு. அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு. 1787-ல் அது வெடிச்சது பதிவாகியிருக்கு. பிறகு ரொம்ப காலம் அமைதியாக இருந்து, 1991-ல் மறுபடி கிளம்பிச்சு. இந்தியாவில் இப்போ உயிரோடு இருக்கும் எரிமலை அதுதான்.

ஒரே மலைத்தொடர், ரெண்டு கதை

இங்கேதான் பெரியவங்களே ஆச்சர்யப்படுற விஷயம். மகாராஷ்டிராவில் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, எரிமலைக் குழம்பு உறைஞ்சு உண்டானது. சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன்னாடி அந்தப் பக்கம் பூமி பிளந்து, குழம்பு அடுக்கடுக்காக ஓடிப் பரவிச்சு. தக்காணப் பீடபூமியின் கறுப்புப் பாறை அதுதான். அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைஞ்சது அந்தப் பாறையில்தான்.

அதே மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே நம்ம போடி, மேகமலைக்கு வரும்போது கதை வேற. இங்கே அதிகம் இருப்பது சார்னோகைட், நைஸ் மாதிரியான பாறைகள். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், கடுமையான அழுத்தத்தில் வெந்தவை. கம்பம் பகுதிப் பாறைகள் சில, 50 கோடி வருஷங்களுக்கு முன்னாடி 900 டிகிரிக்கும் மேலான வெப்பத்தைப் பார்த்தவைனு புவியியல் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்போ இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கிட்டிருந்த நேரம். பிறகு கோடிக்கணக்கான வருஷங்கள் மழையும் காற்றும் மேலே இருந்ததை அரிச்சு எடுக்க, அடியில் இருந்தது இப்போ நம்ம கண்ணுக்கு முன்னாடி மலையாக நிக்குது.

அதாவது, போடி மலை எரிமலை இல்லை. ஆனா எரிமலைக் குழம்புக்கு நிகரான சூட்டை ஒருகாலத்தில் பார்த்த மலை. என் அக்கா மகள் கேட்டது அப்படியொண்ணும் சிரிக்கிற கேள்வி இல்லை, பாருங்க.

ஒரு குட்டித் தகவல்: சார்னோகைட்ங்கிற பேர் வந்தது ஒரு கல்லறையிலிருந்து. கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ஞ்ச தாமஸ் ஹாலந்து, 1893-ல் அவர் பேரையே பாறைக்கு வெச்சார். அந்தக் கல் நம்ம சென்னைப் பக்கத்துப் பாறை.

இங்கே டைனோசர் எலும்பு கிடைக்குமா?

தோட்டத்தில் கிடைச்ச ஏதோ ஒரு எலும்பைத் தூக்கிட்டு வந்து 'டைனோசர்'னு சொல்லாத பிள்ளை உண்டா? அதட்டாதீங்க, இப்படிச் சொல்லுங்க.

ஒரு உயிர் செத்ததும் பெரும்பாலும் மக்கிப் போயிடும். சேறோ மணலோ சீக்கிரம் மூடினாத்தான், நிலத்தடி நீரில் இருக்கும் தாதுக்கள் மெதுவா உள்ளே இறங்கி, எலும்பும் ஓடும் மரமும் கல்லாக மாறும். அதுதான் புதைபடிவம். ஆக, அதுக்குப் படிவுப் பாறை வேணும். பல நூறு டிகிரியில் வெந்த தேனிப் பாறையில் பழைய உயிரின் தடம் ஏதாவது இருந்திருந்தாலும் அழிஞ்சு போயிருக்கும்.

வருத்தப்பட வேண்டாம், தமிழ்நாட்டிலேயே அருமையான இடங்கள் இருக்கு. அரியலூர் பக்கம் சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன்னாடி கடல் இருந்துச்சு. அங்கே கிடைக்கும் அமோனைட் பார்க்க நத்தை மாதிரி சுருண்டிருக்கும். உண்மையில் அது கணவாய்க்குச் சொந்தம். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். உங்க வீட்டுச் சுவரிலேயே ஒரு பழைய கடல் கலந்திருக்கலாம்!

லீவில் கூட்டிப்போக மூணு இடம் குறிச்சுக்கோங்க: அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகம், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் கல்மரம், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி வருஷப் பழைமையான கல்மரப் பூங்கா. ஒரே ஒரு கண்டிஷன், ஞாபகார்த்தமாக ஒரு துண்டுகூட எடுத்துட்டு வரக் கூடாது.

வரலாறு மட்டும் வாசலிலேயே இருக்கு

எரிமலைக்கு அந்தமான், புதைபடிவத்துக்கு அரியலூர். ஆனா வரலாற்றுக்குத் தேனிப் பிள்ளைங்க எங்கேயும் போக வேண்டாம். ஆண்டிப்பட்டி தாலுகாவில், வைகைக் கரையில் புலிமான்கோம்பைனு ஒரு ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் குழுவினர் அங்கே மூணு நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. மூணிலும் தமிழி எழுத்து. அதில் ஒண்ணு, கூடலூரில் மாடுகளைக் கவர நடந்த சண்டையில் உயிர்விட்ட அந்தவன்ங்கிற வீரனுக்கு நட்டது.

காலம் கி.மு. 4-ம் நூற்றாண்டுனு ராஜன் கணிக்கிறார். கொஞ்சம் பிந்தையதுனு சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் 2,000 வருஷத்துக்கும் மேல். இந்தியாவில் எழுத்தோடு கிடைச்ச நடுகற்களில் மிகப் பழையவை இவை. யோசிச்சுப் பாருங்க, அது அரசனுக்கு வெச்ச கல் இல்லை. மாட்டுச் சண்டையில் செத்த ஓர் ஊர்க்காரன் பேரை அந்தக் காலத்திலேயே எழுதி வெச்சிருக்காங்க. அப்போ அதைப் படிக்கவும் அந்த ஊரில் ஆள் இருந்திருக்கணும் இல்லையா?

கீழடியும் இதே ஆற்றின் கதைதான். 2013-14-ல் வருசநாட்டு மலையில் ஆரம்பிச்சு கடல் வரை வைகைக் கரையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய ஆய்வில் 293 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அதில் ஒண்ணுதான் கீழடி. மற்ற இடங்களில் சில, உங்க மாமா தோட்டத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம்.

பிரச்னையும் அங்கேதான். பழைய கல் நம்ம ஊர்களில் துவைக்கிற கல்லாகும், வாசப்படியாகும், வரப்புக்கு முட்டுக் கொடுக்கும், ஜே.சி.பி வந்தா உடையும். அதில் எழுத்து இருக்குனு பார்க்க ஒரு கண் வேணும். அந்தக் கண், கேள்வி கேட்டுப் பழகின பிள்ளைக்குத்தான் இருக்கும். எழுத்தோ உருவமோ இருக்கும் கல்லைப் பார்த்தா போட்டோ எடுங்க, மேலே சாக்பீஸ், எண்ணெய் தடவாதீங்க, இடத்தை விட்டு நகர்த்தாதீங்க, வி.ஏ.ஓ அல்லது தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்க.

பஸ்ஸில் ஒரு கால யந்திரம்

சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரிய குழப்பமே காலம்தான். டைனோசரும் சோழ ராஜாவும் ஒண்ணா வாழ்ந்தாங்கனு நினைச்சுப்பாங்க. அதுக்கு ஒரு விளையாட்டு. தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் வழி குமுளி போற பஸ்ஸில் ஏறுங்க. ஒரு கிலோமீட்டர் போனா ஒரு கோடி வருஷம் பின்னாடி போறோம்னு வெச்சுக்கோங்க.

மனுஷ இனம் உருவாகி சுமார் 3 லட்சம் வருஷம். அதாவது 30 மீட்டர். பஸ் ஸ்டாண்டை விட்டே வெளியே வரலை. திருவக்கரை மரங்கள் 2-வது கிலோமீட்டரில். டைனோசர்கள் அழிஞ்சதும் தக்காண எரிமலையும், வீரபாண்டி வர்றதுக்கு முன்னாடி. அரியலூர் கடல், வீரபாண்டி தாண்டி. கம்பம் பாறைகள் வெந்து முடிஞ்சது, கம்பத்தையும் தாண்டி கிட்டத்தட்ட லோயர் கேம்ப் பக்கம்.

சரி, புலிமான்கோம்பை வீரன் எங்கே? கிளம்பின இடத்திலிருந்து 23 சென்டிமீட்டரில். ஒரு ஸ்கேல் நீளம்கூட இல்லை. 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணை? 1.3 சென்டிமீட்டர். ஒன்பது வயசு முழுக்க? ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி.

போன தடவை ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் அக்கா மகளுக்குச் சொன்னேன், முதல்ல ஸாரி கேட்டுட்டு. அவ ஸ்கேலை எடுத்து அந்த ஒரு மில்லிமீட்டரை உத்துப் பார்த்தா. அப்புறம் கேட்டா: "சரி சித்தி, பஸ்ஸு குமுளியைத் தாண்டிப் போனா அங்க என்ன இருக்கும்?"

போனைக் கீழே வெச்சுட்டேன்.