தாமான் திடலிலிருந்து தொடங்குங்கள்

1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அதே போட்டியில் எம். ராஜமணி பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இன்றும் நம் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படும் பெயர்கள். ஆனால் அவர்கள் ஓடியதைக் கண்ணால் காண இந்தத் தலைமுறைக்குக் கிடைப்பவை திரும்பத் திரும்ப வரும் சில கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். பெரிய மேடை ஏறியவர்களுக்கே இந்த நிலை. தோட்டத்துத் திடலில் ஞாயிறுதோறும் பந்து உதைத்தவர்களையும் தமிழ்ப்பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு முதலாவதாக ஓடி வந்த பிள்ளைகளையும் யார் படமெடுத்து வைத்தார்கள்? தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த எத்தனையோ வீடுகளின் அலமாரியில் கிண்ணம் இருக்கிறது, அதை வென்ற ஆட்டத்தின் படம் இல்லை.

விளையாட்டைப் படமெடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்றுதான். "வீட்டுப் பக்கத்துல எந்தத் திடல் இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் கலையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

செலாயாங்கில் குடியிருப்பவருக்கு இதில் குறையே இல்லை. நகராண்மைக் கழகத்தின் அரங்கம் இங்கே இருக்கிறது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் காற்பந்துக் குழு ஆட்டங்களில் சில அங்கே நடந்தன. அந்த மாதிரி ஆட்டங்களில் கோட்டோரம் உட்கார அனுமதி அட்டை வேண்டும். தொடங்குபவருக்கு அது கிடைக்காது, இப்போது தேவையும் இல்லை. தாமான் திடல்களில் வார இறுதி ஆட்டம், ஃபுட்சால் கூடம், மண்டபத்துப் பூப்பந்து, கோயில் வளாகத்தில் சிலம்பப் பயிற்சி என்று எட்டும் தூரத்தில் எவ்வளவோ நடக்கிறது. பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையில் கயிறு கட்டி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ரவாங் போகும் வழியில் புக்கிட் தாக்குன் பாறையும் அவர்களுக்குப் பழக்கமான இடம். படிக்கட்டையும் முருகன் சிலையையும் மட்டும் படமெடுத்துத் திரும்பும் கேமராக்கள் அந்தப் பாறைப் பக்கம் கொஞ்சம் திரும்பலாம்.

ஒரே திடலுக்குத் தொடர்ந்து போங்கள். வாரம் ஓர் இடமாக அலைகிறவருக்குப் பத்து இடத்தின் சுமாரான படம் கிடைக்கும். ஒரே இடத்துக்குப் போகிறவருக்கு வெயில் எந்தப் பக்கம் இறங்கும், எந்தக் கோலுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி நிற்கிறது, எந்த இளைஞன் இடக்காலால் சுழற்றி அடிப்பான் என்பதெல்லாம் தெரிந்துவிடும். நல்ல படம் அந்த அறிவிலிருந்து வருகிறது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதிலிருந்து, நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் வாக்கில். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அந்த நேரத்து வெயில் தலைக்கு நேர்மேலே விழும். ஆட்டக்காரரின் கண்கள் புருவத்தின் நிழலில் மறைந்துபோகும். தொப்பி போட்டவருக்கு முகமே இருக்காது. ஆகவே காலை எட்டிலிருந்து பத்தரை வரை, மாலை ஐந்தரைக்கு மேல் என்று இரண்டு வேளைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மாலைக்கு மழை மிரட்டல் உண்டு. பையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் துண்டும் எப்போதும் இருக்கட்டும். மழை விட்டபின் சேற்றில் நடக்கும் ஆட்டம் போல அழகான படம் தருவது வேறில்லை, அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வீடு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். இந்தப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

இனி கேமரா. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று போதும். ஷட்டர் வேகத்தை நொடியில் 1000-இல் ஒரு பங்குக்கு வையுங்கள். காற்பந்துக்கும் ஓட்டத்துக்கும் அது சரியாக வரும், சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு 500-இல் ஒரு பங்கும் போதலாம். ஃபோகஸ், ஆளைத் தொடர்ந்து பின்பற்றும் முறையில் இருக்க வேண்டும். நிக்கானிலும் சோனியிலும் அதற்கு ஏஎஃப்-சி என்று பெயர், கேனன் டிஎஸ்எல்ஆரில் ஏஐ சர்வோ. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவைத் துணிந்து ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் கூர்மையான படத்தை நாளிதழ் அச்சிடும். வழவழப்பாக இருந்தும் முகம் மங்கிய படத்தை யாரும் தொடமாட்டார்கள்.

மண்டபத்துக்குள் போனதும் புதியவர்கள் சோர்ந்துபோவது வழக்கம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பூப்பந்துக் கூடம் கேமராவுக்கு இருட்டு. கேமராவோடு சேர்ந்து வரும் ஸூம் லென்ஸ் நீட்டிப் பிடித்தால் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 திறப்புள்ள 50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. காசு செலவழிப்பதென்றால் முதலில் இதற்குச் செலவழிக்கலாம், பல ஆயிரம் ரிங்கிட் பெறும் 70-200 லென்ஸ் பிறகு வரட்டும். இன்னொரு தொல்லை, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஒரே இடத்தில் எடுத்த மூன்று படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் வருவது அதனால்தான். 2014-இல் வந்த கேனன் 7டி மார்க் 2 தொடங்கி, இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் படமெடுக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. உங்கள் கேமராவின் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஆட்டக்காரரின் கண்ணைக் கூசவைத்துப் புள்ளியைப் பறித்துவிடும்.

பூப்பந்து நமக்கு இன்னொன்றையும் கற்றுத் தரும். 2023-இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஒரு சோதனையில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் போய் கின்னஸ் சாதனையானது. கண் பார்த்து, விரல் அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகும். அடித்ததைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் படத்தில் இருப்பது முடிந்துபோன அடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம் வரை வந்த பெர்லி டான், எம். தீனா இணையின் ஆட்டங்களைக் கேமரா இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். எதிரணி பந்தை உயரத் தூக்கியவுடன் பின்னால் யார் நகர்கிறார், எப்போது முழங்கால் மடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். முழங்கால் மடங்கும்போதே விரல் இறங்க வேண்டும். ஆட்டம் தெரியாதவருக்கு நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவும் உதவாது.

எங்கே உட்காருவது என்பதும் பாதி வேலை. 1965 மே 25-இல் அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் முகமது அலி சோனி லிஸ்டனை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். கீழே கிடக்கும் லிஸ்டனைப் பார்த்துக் கையை மடக்கி அலி கத்தும் அந்தப் படத்தை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. படத்தில் அலியின் கால்களுக்கிடையே, மேடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு முகம் தெரியும். லைஃபர் படமெடுத்த அதே பத்திரிகையின் மூத்த படக்காரர் ஹெர்பி ஷார்ஃப்மன்தான் அவர். அனுபவத்தில் பெரியவர், ஆனால் அந்த நொடியில் அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. அலி எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை லைஃபர் முடிவு செய்ய முடியாது. திரும்பும்போது தயாராக இருப்பது மட்டும் அவர் கையில் இருந்தது, அவர் தயாராக இருந்தார்.

தாமான் திடலிலும் இதே கணக்குத்தான். கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில், கோட்டுக்குப் பின்னால், தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் பின்னணியில் புல்தரை மட்டும் வரும், ஆட்டக்காரர் குள்ளமாகத் தெரிவார். உட்கார்ந்து எடுத்தால் அவர் ஓங்கி நிற்பார். முகமும் பந்தும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். கோல் விழுந்ததும் கேமராவை இறக்காதீர்கள். அடித்தவன் ஓடுவதையும், கோல் காவலர் வலையிலிருந்து பந்தை எடுக்கக் குனிவதையும், கோட்டோரம் நிற்கும் அம்மாவின் முகத்தையும் எடுங்கள். அடியைவிட இந்தப் படங்களே பல ஆண்டு நிற்கும் என்று நம்புகிறேன். கைபேசி மட்டும் உள்ளவர்கள் பள்ளி ஓட்டப் போட்டியில் முடிவுக்கோட்டுக்கு நேரே, தள்ளி உட்கார்ந்து தொடங்கலாம்.

பிள்ளைகளைப் படமெடுக்கும் முன் பயிற்றுநரிடமும் ஆசிரியரிடமும் முகம் காட்டி அனுமதி கேளுங்கள், பெற்றோர் வேண்டாமென்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். ஆட்ட நடுவருக்குத் தெரியாமல் கோட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

அன்றிரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பலர் அதைச் செய்வதில்லை. சிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, அணி, நாள், இடம், முடிவு, ஆட்டக்காரரின் முழுப்பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இருபது ஆண்டில் யாருக்கும் உரியதாக இருக்காது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் வழி வந்த பிஜே சிட்டி அணி 2019-இல் சூப்பர் லீக்கில் கால் வைத்து, 2022 பருவத்தோடு விலகிவிட்டது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. அணியும் நிலைக்காது, பத்திரிகையும் நிலைக்காது என்னும்போது, பெயர் எழுதிய படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைப்பது நம் பொறுப்பு. இப்படி ஓராண்டு சேர்த்த தொகுப்பைத்தான் பத்திரிகை ஆசிரியரிடமோ குழு நிர்வாகியிடமோ கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அனுமதி அட்டைக்கான கதவு அப்படித்தான் திறக்கும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் தாமான் காற்பந்துக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்குப் பரிசு, பந்தல், சாப்பாடு என்று பட்டியல் போடும்போது, படமெடுக்கப் பழகும் ஒரு பிள்ளையின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்கார ஓர் இடம் கொடுங்கள். ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதியையும் கையில் கொடுங்கள்.