கேட்டதற்கு விடை சொல்லும் பாத்திரம்

நாவலாசிரியன் படைக்கும் பாத்திரத்துக்கு ஒரு பெரும் சௌகரியம் உண்டு. அதைத் தேடி யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், அது என்ன மறுமொழி சொல்லும் என்பதெல்லாம் படைத்தவன் ஒருவனுடைய சித்தப்படியே நடந்தேறும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, பகடை உருட்டி, வாய்ப்பேச்சாகவே வளர்த்துச் செல்லும் மாயலோகக் கதை விளையாட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ வேஷம் ஏற்றுக்கொள்ள, எஞ்சிய உலகம் முழுவதையும், சத்திரக்காரன் முதல் சக்கரவர்த்தி வரையில், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் ஒருவரே தம் குரலில் தாங்கவேண்டியிருக்கிறது. அவர் எதிர்பார்த்த கேள்வியை ஆட்டக்காரர்கள் கேட்பது அபூர்வம். ஆகையால், எழுதிவைத்த ஒரு துணைப்பாத்திரம் உபயோகத்துக்குத் தயாராகிவிட்டதா என்பதற்கு ஒரே பரீட்சைதான் உண்டு: யாரும் நினைத்துப்பாராத கேள்விக்கும் அதனிடமிருந்து உடனே விடை பிறக்கவேண்டும்.

இந்த விளையாட்டின் பூர்வ சரித்திரமே இதற்கு வழிகாட்டுகிறது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டேவிட் வெஸ்லி என்பவர் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர்விளையாட்டில் ஒரு புதுமை செய்தார். பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஜெர்மானிய நகரை அமைத்து, படைத்தலைவர்களோடு நிறுத்திவிடாமல், நகரத் தலைவர், வங்கி உரிமையாளர் போன்ற பதவிகளையும் நண்பர்களுக்குப் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கத்தையும் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் கலந்துகொண்டவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் அதே முறையை மாயலோகத்துக்குக் கொண்டுபோனார். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. ஒருவனுக்குப் பதவியையும் அந்தப் பதவிக்குள் ஓர் ஆசையையும் கொடுத்துவிட்டால் அவன் தானாகவே பேசத் தொடங்குவான் என்னும் உண்மை, இவ்வாறு இந்தக் கலை பிறப்பதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது.

ஆனால் புதிதாக ஆட்டம் நடத்துவோர் பெரும்பாலும் ஆசையை விட்டுவிட்டுப் பூர்வோத்தரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறந்த ஊர், இறந்த தந்தை, இழந்த ராஜ்யம், வாளின் வம்சாவளி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த உழைப்பு மரியாதைக்குரியதே, எனினும், ஆட்டக்காரன் எதிரே நின்று, “அம்மா, அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறீர்களா?” என்று கேட்கும் சமயத்தில் வம்சாவளியால் பிரயோஜனம் இல்லை. 2014-இல் வெளியான டன்ஜன் மாஸ்டருக்கான வழிகாட்டி நூல், தொழில், தோற்றம், பேசும் பாங்கு, தெரிந்த செய்தி, லட்சியம், பற்று, குறை அல்லது ரகசியம் என்று பல அம்சங்களை வகுத்துத் தருகிறது. இவற்றுள் தோற்றமும் பேச்சும் பாத்திரத்தை நினைவில் நிறுத்துவதற்கு. பற்றும் ரகசியமும் அதை இயக்குவதற்கு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வடதிசை நதி ஒன்றின் தோணித்துறையில், கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பற்றித் தோணியை இழுத்துச் செல்லும் ஹில்டா என்னும் கைம்பெண். வயது ஐம்பதைத் தாண்டியவள். பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள், அக்கரையைப் பார்ப்பாள். விதிநூலின் ஐந்தாம் பதிப்பு சாமானியருக்கு வகுத்த எண்களே அவளுக்கும் போதும்: ஆறு குணங்களிலும் 10, காப்பு எண் 10, உயிர்ப்புள்ளி 4. ஒரே வாள்வீச்சில் சாய்ந்துவிடக்கூடிய இந்தப் பெண்ணுக்குப் பலம் வேறிடத்திலிருந்து வரவேண்டும். கோட்டைப் படையிலிருந்து ஓடிவந்த அவள் மகன் அக்கரை நாணலில் ஒளிந்திருக்கிறான். இருட்டும்வரை யாரும் ஆற்றைக் கடக்கக்கூடாது என்பது அவளுடைய ஆசை. நேற்றிரவு மூன்று குதிரைக்காரர்கள் ஒரு பெட்டியுடன் கடந்துபோனதை அவள் அறிவாள். பெட்டிக்குள் இருந்தது என்ன என்பதை அறியமாட்டாள். கோட்டைச் சின்னம் அணிந்தவர்களைக் கண்டால் அஞ்சுவாள். மகனைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள் என்று நம்பிவிட்டால் எதையும் சொல்வாள்.

இவ்வளவே போதும். வீரன் இருமடங்கு கூலி தருகிறேன் என்றால், வடம் நைந்துவிட்டது, பொழுது சாயட்டும் என்பாள். திருடன் வடத்தைத் தடவிப்பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றால், நீரோட்டத்தின்மேல் பழி போடுவாள். மந்திரவாதி பறந்தே அக்கரை சேரப்போவதாகச் சொன்னால், அவளுக்கு வாய் குழறும். ஒருவன் அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று வெறும் அன்பினால் விசாரித்தால், அந்த ஒரு கேள்வியே கதையை வேறு பாதையில் திருப்பிவிடும். இவற்றுள் எந்த விடையையும் முன்கூட்டி எழுதவேண்டிய அவசியம் இல்லை. பகடையும், அவள் நம்புவாளா மாட்டாளா என்று உண்மையாகவே சந்தேகம் எழும் இடத்தில்தான் உருளவேண்டும்.

1981-இல் டாம் மோல்ட்வே திருத்தியமைத்த, இந்த விளையாட்டின் ‘பேசிக்’ விதிநூலில், எதிர்ப்படும் பிராணி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரண்டு ஆறுமுகப் பகடைகள் தீர்மானிக்கும். 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் உற்சாகமான சிநேகம். கணத்துக்குக் கணம் முடிவெடுக்கவேண்டியவருக்கு இது நல்ல துணை. ஆயினும், பகடை மனோபாவத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிந்தால்தான் அடுத்த வாக்கியத்தைப் பேசமுடியும். டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதி 1983-இல் வெளியான ரேவன்லாஃப்ட் சாகசத்தில், ஸ்ட்ராட் என்னும் ரத்தக்காட்டேரிப் பிரபுவின் நோக்கத்தையே சீட்டுகள் நிர்ணயிக்கின்றன. கோட்டை அதே கோட்டை, பிரபு அதே பிரபு. நோக்கம் மாறியவுடன் ஆட்டமே மாறிவிடுகிறது.

இத்தகைய பாத்திரத்தை அரைப் பக்கத்துக்குள் அடக்குவது உத்தமம். கண்ணால் உடனே காணக்கூடிய ஓர் அடையாளம், இன்றைய பொழுதுக்குள் நிறைவேறவேண்டிய ஓர் ஆசை, அறிந்த செய்தி ஒன்று, அறியாத செய்தி ஒன்று, அச்சம் ஒன்று, மனம் இளகும் நிபந்தனை ஒன்று, கடைசியில் எண்கள். நோக்கம் நாளைக்கு ஒத்திப்போடக்கூடியதாக இருக்கலாகாது. ஆட்டக்காரர்களுடைய வழியில் அது குறுக்கிடவும் வேண்டும். ரகசியமோ கண்டுபிடிக்கப்படுவதற்காகவே இருக்கவேண்டும். ஒருவரும் எட்டமுடியாத ரகசியத்தால் மேசையில் இருப்பவர்களுக்கு யாதொரு பயனும் இல்லை.

ஆட்டக்காரர்களுடைய சுதந்திரமே இந்த விளையாட்டின் ஜீவன். அவர்களை ஒரே வழியில் இழுத்துச் செல்ல எழுதப்பட்ட பாத்திரம் அந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது. தன் ஆசையில் உறுதியாக நிற்கும் பாத்திரமோ, அவர்கள் எதைச் செய்தாலும் அதற்கு நேர்மையான பலனைத் தந்து, அந்தச் சுதந்திரத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது. எனவே, தாளை மடித்து வைக்குமுன், சம்பந்தமில்லாத மூன்று கேள்விகளைப் பாத்திரத்திடம் நாமே கேட்டுப்பார்ப்பது நல்லது. விடை தயங்காமல் வந்தால் அது மேசைக்குத் தயார். தயங்கினால், வரலாற்றை நீட்டாமல், ஆசையை இன்னும் கூர்மையாக்கி எழுதவேண்டும்.