உங்களுக்குத் தெரியுமா? கண்டியும் அதன் பக்கத்துக் கிராமங்களும்

இலங்கைக்குச் சுற்றுலா போகும் பலர் கண்டிக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்குகிறார்கள். தலதா மாளிகை, ஏரி, பேராதனைப் பூங்கா, சாயங்காலம் நுவரெலியா பஸ். ஆனால் இந்த மலைத் தலைநகரின் பெருஞ்செல்வம் ஊருக்கு வெளியே, வயலும் பாக்குமரமும் சூழ்ந்த கிராமங்களில் இருக்கிறது. அதில் தமிழ்க் கைகளின் வேலையும் நிறைய உண்டு.

● கண்டி இருப்பது மலை உச்சியில் அல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே பள்ளமான இடத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் மகாவலி ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கரையோரம் முழுவதும் ஐரோப்பியர் வசமான பிறகும் கண்டி மட்டும் 1815 வரை தனியரசாக நின்றது. மன்னர்கள் ஆற்றுக்குப் பாலம் போடவில்லை, பாதைகளை அகலப்படுத்தவும் இல்லை. ஊரைக் காக்க அவர்கள் கண்ட வழி அது. 1803இல் பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்தது. சில மாதங்களிலேயே வெளியேற வேண்டி வந்தபோது, பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியில்லாமல் வட்டாபுளுவையில் சிக்கி அழிந்தது.

● கண்டியின் கடைசி நான்கு மன்னர்களும் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வழியில் வாரிசில்லாமல் இறக்க, மதுரையிலிருந்து வந்திருந்த அரசியின் தம்பி அரியணை ஏறினார். அன்று தொடங்கி 76 ஆண்டுகள் அந்தக் குடும்பமே ஆண்டது. அரச உறவினர் குடியிருந்த தெருவுக்கு இன்றும் மலபார் வீதி என்றே பெயர்.

இவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) செய்த காரியம் மிகப் பெரியது. இலங்கையில் பௌத்தத் துறவியருக்கு முறைப்படி துறவுத் தீட்சை தரும் மரபு அறுந்து போயிருந்தது. அவர் சயாம் நாட்டுக்குத் தூது அனுப்பி, 1753இல் உபாலி தேரரை வரவழைத்து அந்த மரபைத் திரும்ப நிறுவினார். இலங்கையின் சியாம் நிக்காய என்ற துறவியர் பிரிவு அப்படி உருவானது. தென்னாட்டிலிருந்து வந்த ஒரு வம்சம் சிங்கள பௌத்தத்துக்கு மறுவாழ்வு தந்த இந்த வரலாறு இரு தரப்பிலும் இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டியது.

● கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் ஒரு காலத்தில், தலதா மாளிகையில் இருக்கும் புத்தரின் புனிதப் பல் இடம்பெறவே இல்லை! நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என நான்கு தேவாலயங்களின் ஊர்வலமாகத்தான் அது நடந்து வந்தது. தலதா மாளிகையின் பேழை ஊர்வலத்தில் முதலிடம் பெற்றது கீர்த்தி ஸ்ரீ காலத்தில், 1775இல். இன்றும் யானை மேல் போவது பேழைதான். புனிதப் பல் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை.

● அந்த நான்கில் பத்தினி யார் என்று நினைக்கிறீர்கள்? நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகு அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மரபும் அந்த மன்னனோடுதான் பத்தினி வழிபாட்டைச் சேர்த்துச் சொல்கிறது. தலதா மாளிகைக்கு எதிரே சில அடி நடந்தால் பத்தினி தேவாலயம். பக்கத்திலேயே 14ஆம் நூற்றாண்டின் நாத தேவாலயம் இருக்கிறது. இன்று கண்டியில் நிற்கும் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. மாளிகையைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறவர்கள் இரண்டையும் தவறவிடுகிறார்கள்.

● சுமார் ஐம்பது ஆண்டுகள் பெரஹராவில் நடந்த ‘ராஜா’ என்ற கொம்பன் யானை, மட்டக்களப்புப் பகுதி ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டது. 1986இல் அதைத் தேசியச் சொத்தாக அறிவித்தார்கள். 1988இல் இறந்த பிறகு உடலைப் பாடம் செய்து மாளிகை வளாகத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

● கண்டி ஏரி இயற்கையானதல்ல, பழமையானதும் அல்ல. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நெல்வயல்களாகக் கிடந்த இடத்தை 1807 முதல் தேக்கி உண்டாக்கியது அது. கரையில் அலையலையாக எழும் மதிலுக்கு மேகச் சுவர் என்று பெயர். மதிலில் தெரியும் முக்கோணக் குழிகள் விளக்கு ஏற்றுவதற்கானவை. அந்த மதில் முடிவதற்குள் ஆட்சி முடிந்துவிட்டது. மாளிகையின் எண்கோண மண்டபமும் இதே மன்னர் காலத்தது. எல்லாவற்றுக்கும் தலைமைச் சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. இன்று அந்த மண்டபத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

● கண்ணுசாமி என்பது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர். பதினெட்டு வயதளவில், 1798இல் பட்டத்துக்கு வந்தவர். பிரதானிகளோடு பகை முற்றியதைப் பயன்படுத்திக்கொண்டு பிரிட்டிஷார் 1815இல் நுழைந்தபோது, கிழக்கே மெதமஹநுவரைப் பக்கத்து மலைக் கிராமத்தில் ஒளிந்திருந்தவரைப் பிப்ரவரி 18 அன்று பிடித்தார்கள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. இடம், மாளிகை வளாகத்தில் இன்றும் நிற்கும் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபம். செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் அந்தக் கூரையின் கீழ் நின்று பாருங்கள். இலங்கையின் கடைசி முடியாட்சி எழுத்தில் முடிந்தது அங்கேதான்.

மன்னரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கும் இடம்தான் முத்து மண்டபம். வேலூருக்கு மருத்துவத்துக்கும் பொற்கோயிலுக்கும் வந்து போகிறவர்கள் ஏராளம். முத்து மண்டபத்தை எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அவருடைய அரியணை 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

● தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறினால் உடவத்தகெலே காடு. நூறு ஹெக்டேருக்குச் சற்று மேல். மன்னர் காலத்தில் பொதுமக்கள் நுழையத் தடை இருந்த அரண்மனைக் காடு அது. 1856இலேயே ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. நகரத்தின் நடுவில் இப்படி ஒரு மழைக்காடு தப்பிப் பிழைத்தது அந்தப் பழைய தடையால்தான்.

● கண்டி தேசிய அருங்காட்சியகத்துக்கு அருகே மேட்டில் பிரிட்டிஷார் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாட்டர்லூப் போரில் தப்பிய ஒரு படைவீரர் காய்ச்சலில் இறந்து அங்கே கிடக்கிறார். காட்டு யானையால் கொல்லப்பட்டவர், வீடு இடிந்து விழுந்து இறந்தவர் கல்லறைகளும் உண்டு. கண்டி ஒப்பந்தத்தை வரைந்த ஜான் டாய்லியும் அங்கேதான்.

இனி ஊருக்கு வெளியே.

● மகாவலி வளைந்தோடும் 147 ஏக்கரில் பேராதனைப் பூங்கா 1821இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் போரை நடத்தியது இந்தப் பூங்காவில் இருந்த தலைமையகத்திலிருந்து. பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் குறிஞ்சிக் குமரன் கோயில் உண்டு; மலைக்கு ஏற்ற பெயர்.

● பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் போட்ட பாலம் 205 அடி நீளம். முதிரை மரத்தாலான அந்தப் பாலத்தில் ஓர் ஆணிகூட இல்லை. 1905இல் பிரித்துவிட்டார்கள்.

● இப்போது சொல்லப்போகும் மூன்று கோயில்கள் இல்லாமல் கண்டிப் பயணம் முழுமையாகாது என்பேன். கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே. மூன்றும் கண்டிக்கு முன் கம்பளை தலைநகராக இருந்த 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பேராதனைக்கு அப்பால், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. வயல் வரப்பும் கிராமச் சாலையுமாக மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

கடலாதெனிய 1344இல் கருங்கல்லில் எழுந்த பௌத்த விகாரை. முன்மண்டபத் தூண்களையும் படிக்கட்டின் யாளிகளையும் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயிலில் நிற்கிறோமோ என்று தோன்றும். காரணம் இருக்கிறது. கட்டியவர் கணேசுவராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி.

அதே ஆண்டில் தொடங்கியது லங்காதிலக. பாறை முகட்டில் செங்கல்லால் எழுப்பி வெள்ளை பூசிய கோயில். சிற்பி பெயர் ஸ்தபதி ராயர். நான்கு மாடியாக இருந்தது இன்று முழுமையாக மிஞ்சவில்லை. உள்ளே புத்தர். கருவறையைச் சுற்றிய வெளிச்சுவரில் விஷ்ணு, சமன், விபீடணன், பிள்ளையார், கந்தன் ஆகிய தெய்வங்களின் சன்னிதிகள். விபீடணனை வழிபடும் இடத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்துப் பாறையில் கோயிலுக்கு விட்ட நிலங்களைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. அது சிங்களத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது, தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 680 ஆண்டுக்கு முன் ஒரு சிங்கள அரசின் விகாரையில் இரு மொழியும் ஒரே பாறையில்! இந்த ஒன்றைப் பார்க்கவே அந்தப் படிகளை ஏறலாம்.

எம்பக்கே தேவாலயம் கதிர்காமக் கந்தனுக்கு உரியது. மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்தது. மேளக்காரர் மண்டபத்தின் மரத்தூண்களில் தொடங்கி மொத்தம் 514 செதுக்கல்கள். இருதலைக் கழுகு, பின்னிய கழுத்துடைய அன்னங்கள், மல்யுத்தக்காரர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். ஒன்று போல் இன்னொன்று இல்லை. வேலையை நடத்தியவர் தெல்மட மூலாச்சாரி. தூண்களை வியந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், தலை நிமிர்ந்து கூரையையும் பாருங்கள். இருபத்தாறு கைமரங்கள் ஓரிடத்தில் வந்து சேர, அத்தனையையும் ஒரே ஒரு மர ஆப்பு பிடித்து நிற்கிறது.

● தெகல்தொருவை குகை விகாரைக்கு மகாவலியைக் கடந்து போக வேண்டும். சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஜாதகக் கதை ஓவியங்கள். வெசந்தர ஜாதகக் காட்சியில் வீரர்கள் தோளில் துப்பாக்கி! புத்தரின் முற்பிறவிக் கதையில் தங்கள் காலத்து உடையையும் ஆயுதத்தையும் ஓவியர்கள் தயங்காமல் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலக் கண்டியை அறிய இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

● ராபின்சன் குரூசோ கதை உருவாவதில் கண்டி மலைக் கிராமத்துக்கும் பங்கு உண்டு. 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் சிறைப்பட்ட ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசின் கிராமங்களில் காவலில் வாழ்ந்தார். கடைசியாக அவர் குடியிருந்தது எலதெத்த. தொப்பி பின்னியும், நெல் கடன் கொடுத்தும், சில்லறை வியாபாரம் செய்தும் பிழைத்தவர், வியாபாரி போலவே வடக்கு நோக்கி நடந்து அனுராதபுரம் வழியாக 1679இல் மன்னார்ப் பகுதி அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலை, குரூசோ கதையை எழுதும்போது டேனியல் டீஃபோ பயன்படுத்திக்கொண்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

● ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டம் அதுதான். அதே ஆண்டில் கொழும்பு–கண்டி ரயிலும் வந்தது. இரண்டு ஆண்டுகளில் இலைநோய் காப்பியைத் தின்னத் தொடங்க, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. டெய்லருக்குக் கண்டியில் கல்லறை உண்டு. தமிழகத்திலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து அந்த மலைகளைத் திருத்தியவர்களில், வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கல்லறை இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த நடையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

● கண்டிக் கைவினைகள் பற்றிய முதல் பெரிய நூலை எழுதியவர் ஒரு தமிழர். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிம ஆய்வுக்காகப் போன கிராமங்களில் தச்சர், கொல்லர், நெசவாளர் வேலையைக் கண்டு, அழிந்துகொண்டிருந்த அந்த முறைகளை எழுதி வைத்தார். 1908இல் வந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலைத் தம் சொந்த மேற்பார்வையில் 425 பிரதிகள் அச்சிட்டார். இன்றும் அந்தத் துறைக்கு அதுவே அடிப்படை.

● அவர் எழுதிய கைவினைகள் எல்லாம் செத்துவிடவில்லை. கண்டியிலிருந்து தும்பறைப் பக்கம் போனால் மெனிக்கின்னவுக்கு அருகே ஹேனாவல கிராமம் வரும். கற்றாழை இனச் செடியின் மடலைச் சீவி நார் எடுத்து, சாயம் தோய்த்து, தரையோடு அமைந்த தறியில் பாய் நெய்கிறார்கள். யானை, மான், பாம்பு, பூங்கொடி என்று உருவங்கள் பாயிலேயே விழும். இந்தத் தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ 2021இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நெய்கிற குடும்பங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன.

கண்டிக்குப் போகிறவர்கள் கிராமங்களுக்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள். கோயில்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. பாய் வாங்குவதானால் நகரத்துக் கடையில் வேண்டாம். நெய்தவர் வீட்டுத் திண்ணையிலேயே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.