கவருக்குள் இருக்கும் கடன்

“காசை வாங்கிக்குவோம், ஓட்டை நம்ம இஷ்டத்துக்குப் போடுவோம்.” ஓட்டுக்குக் காசு என்றாலே நினைவுக்கு வரும் 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பழமொழியாகிவிட்ட பேச்சு இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். ஆனால் கவரை நீட்டுவது வேட்பாளர் அல்ல. வாக்காளர் பட்டியலை மடித்துக் கையில் வைத்திருக்கும் அதே தெருக்காரர், ரேஷன் கார்டுக்கு அலைந்தபோது கூட வந்தவர். “அக்கா, வீட்ல நாலு ஓட்டு, பார்த்துப் பண்ணுங்க” என்று பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். மிரட்டலும் கிடையாது, ரசீதும் கிடையாது. வாங்கிவிட்டுச் செய்யாமல் இருந்தால் மனசு உறுத்துமே, அதுதான் அவருக்கு ஜாமீன்.

பராகுவே கிராமங்களில் ஃபினான், ஷெக்டர் என்ற இரு பொருளியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நன்றிக்கடனைப் பெரிதாக நினைப்பவர்கள் யார் என்று பார்த்து, அவர்களைத் தேடித்தான் கட்சித் தரகர்கள் பணம் கொடுத்திருந்தார்கள். வாங்கியும் மாற்றிப் போடும் ‘கெட்டிக்காரர்’ இந்த வலையில் விழுவதில்லை; வாக்குத் தவறக்கூடாது என்று நினைப்பவர்தான் விழுகிறார். பிலிப்பைன்ஸில் நடந்த இன்னொரு பரிசோதனையில், ‘காசே வாங்க மாட்டேன்’ என்று உறுதி தந்தவர்களிடம் ஓட்டு விற்பது குறைந்தது. ‘வாங்கினாலும் மனசாட்சிப்படி போடுவேன்’ என்ற உறுதிக்கு அந்த அளவு பலன் இல்லை. திருமங்கலத்துப் பழமொழிக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை.

‘நம்மிடம் அடித்த காசுதானே, வாங்கினால் என்ன?’ என்பார்கள். கோபம் நியாயமானது, கணக்குதான் தப்பு. திருடிய பணம் என்று தெரிந்தாலும், கொடுத்த கை தெரிந்த கையாக இருந்தால் கடன் உணர்வு ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, பாரதிய நியாய சம்ஹிதையின்படி கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் 2019இல் வேலூரிலும் பணப் புழக்கத்தால் தேர்தலே ரத்தானது.

ஏற்கெனவே வாங்கியவர் என்ன செய்வது? அந்தக் கடன் சட்டத்தின் முன் செல்லாது. சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கி, மாற்றிப் போட்டால் சாமி குத்தம் என்று நம்பவைப்பதும் தேர்தல் குற்றமே. யாருக்குப் பதிவானது என்று காட்டும் விவிபேட் சீட்டு உங்களுக்கு மட்டும் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். யாருக்குப் போட்டீர்கள் என்று நீதிமன்றச் சாட்சிக் கூண்டில்கூட உங்களைச் சொல்ல வைக்க முடியாது. பணப் பட்டுவாடா நடந்தால் தேர்தல் ஆணையத்தின் 1950 எண்ணுக்குப் பேசலாம். பெயரைச் சொல்லாமலேயே ஆணையத்தின் சி-விஜில் புகார் வசதி வழியே படம் அனுப்பலாம்.

‘எப்படியும் அவங்களுக்குத் தெரிஞ்சிடும்’ என்ற பயம் மட்டும் முழுக்க வீண் அல்ல. தனி ஓட்டு தெரியாது; ஆனால் பூத் வாரியான எண்ணிக்கை வெளியாகிறது, எந்தத் தெரு கைவிட்டது என்று ஊகிக்க அது போதும். பல பூத்களின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைச் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏட்டோடு நிற்கிறது.