குளோசபைன்: பிற மருந்துகள் பலனளிக்காத மனச்சிதைவு நோய்க்கு உதவும் மருந்து, ரத்தப் பரிசோதனை ஏன் அவசியம்?

மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலனளிப்பதில்லை. இரு வேறு மருந்துகளை உரிய அளவில், தலா ஆறு வாரங்களேனும் உட்கொண்ட பின்னரும் மாயக்குரல்களும் ஆதாரமற்ற அச்சங்களும் நீடித்தால், அடுத்ததாகப் பரிந்துரைக்கப்படும் மருந்து குளோசபைன்.

தடையும் மீட்சியும்

1970-களில் ஐரோப்பாவில் அறிமுகமான இம்மருந்தை உட்கொண்ட சிலர், 1975-இல் பின்லாந்தில் ரத்த வெள்ளையணுக்கள் குறைந்து உயிரிழந்தனர். இதையடுத்துப் பல நாடுகளில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது.

பிற மருந்துகளால் குணமடையாத 268 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1988-இல் வெளியாயின. ஆறு வாரங்களில், குளோசபைன் பெற்றவர்களில் 30 சதவீதத்தினரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. குளோர்புரோமசைன் பெற்றவர்களில் அது 4 சதவீதமே. தொடர் ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையுடன் 1989-இல் அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. தற்கொலை முயற்சிகளின் அபாயத்தைக் குறைக்கவும் இதனைப் பயன்படுத்த 2002-இல் அனுமதி கிடைத்தது.

ஆபத்து எப்போது?

நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அபாயகரமாகக் குறைவது நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரிடமே நிகழ்கிறது. முதல் 18 வாரங்களில்தான் இதற்கான வாய்ப்பு அதிகம். எனவே தொடக்கத்தில் வாரந்தோறும், பின்னர் இரு வாரங்களுக்கு ஒருமுறை, அதன்பின் மாதந்தோறும் ரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. காய்ச்சல் அல்லது தொண்டை வலி ஏற்பட்டால், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அது குடல் அடைப்பாக முற்றி உயிரைப் பறிக்கலாம். முதல் சில வாரங்களில் இதயத் தசை அழற்சி ஏற்படக்கூடும். வலிப்பு, உடல் எடை அதிகரிப்பு, நீரிழிவு ஆகியவையும் கண்காணிக்கப்பட வேண்டியவை.

மாறிய விதி, மாறாத எச்சரிக்கை

பரிசோதனை முடிவைப் பதிவு செய்தால் மட்டுமே மருந்து வழங்கப்படும் என்ற கட்டாய நடைமுறையை அமெரிக்கா 2025-இல் கைவிட்டது. அது நோயாளிகளுக்கு மருந்து கிடைப்பதைத் தாமதப்படுத்தியதே காரணம். எனினும் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும் என்ற பரிந்துரை மாறவில்லை.

மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தானது. இரு நாள்களுக்கு மேல் இடைவெளி ஏற்பட்டால் பழைய அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரின் ஆலோசனையுடன் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். புகைப்பழக்கத்தைக் கைவிட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு உயரும் என்பதால், அதனையும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.