கிணற்று இறைப்பும் எளிய யந்திரங்களும்

கிணற்றுப் பாசன நிலத்தில் ஓடும் தண்ணீர் முழுவதும் பள்ளத்திலிருந்து மேட்டிற்குத் தூக்கப்பட்டதேயாகும். முற்காலத்தில் மனிதரும் மாடுகளும் தூக்கினர். இக்காலத்தில் மின்சாரமும் டீசலும் தூக்குகின்றன. தூக்குவது எதுவாயினும் அதற்குரிய விதி ஒன்றே. அவ்விதியை அறியாமையால் வீணாகும் உழைப்பும் பணமும் கொஞ்சமல்ல.

நெம்புகோல், கப்பி, சாய்தளம் முதலிய எளிய யந்திரங்களுள் எதுவும் வேலையைக் குறைப்பதில்லை. வலுவில் கிடைக்கும் லாபம் தூரத்தில் நஷ்டமாகவும், தூரத்தில் கிடைக்கும் லாபம் வலுவில் நஷ்டமாகவும் வந்து சேரும். 100 கிலோ பாரத்தைக் கடப்பாரையைக்கொண்டு 20 கிலோ வலுவால் நெம்புபவர், பாரம் 1 அங்குலம் உயர்வதற்குத் தம் கையை 5 அங்குலம் தாழ்த்தவேண்டும்.

ஏற்றம்

ஏற்றம் ஒரு நெம்புகோல். நடுவே தாங்கும் காலிலிருந்து சால் தொங்கும் பக்கம் 15 அடியும், ஆட்கள் மிதிக்கும் பக்கம் சராசரி 5 அடியும் எனக் கொள்க. 60 கிலோ எடையுள்ள இருவர் மிதித்தால், 120 கிலோ எடை 40 கிலோ பாரத்தைத்தான் சமன் செய்யும். ஆனால் ஆட்கள் 4 அடி தாழ, சால் 12 அடி உயரும். ஆகவே ஏற்றம் வலுவைப் பெருக்கும் கருவியன்று. தூரத்தைப் பெருக்கும் கருவியாகும். மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்தவர் கால் தவறினால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கவலை

கவலையில் கப்பி, இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. சூட்சுமம் முழுவதும் மாடுகள் இறங்கும் சரிவுப் பாதையில் உள்ளது. 150 லிட்டர் தண்ணீரின் எடை 150 கிலோ. ஒரு ஜோடி மாடுகளின் எடை 700 கிலோ எனின், அவை நாள் முழுவதும் களைப்பின்றி இழுக்கக்கூடிய வலு தம் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, அதாவது 70 கிலோ ஆகும். சமதரையில் 150 கிலோவை இழுப்பது அவற்றிற்கு இருமடங்குக்கு மேற்பட்ட சுமை.

5 அடி நடந்தால் 1 அடி தாழும் சரிவில், மாடுகளின் எடையே 140 கிலோ வலுவைக் கொடுக்கும். சால், வடம், உராய்வு ஆகியவற்றைத் தள்ளிவைத்துப் பார்த்தால், அவை தம் உடல் வலுவால் இழுக்கவேண்டியது 10 கிலோவே. சரிவு 10 அடிக்கு 1 அடியாகக் குறைந்தால் இது 80 கிலோவாக ஏறிவிடும்.

எனினும் இந்த உதவி இலவசமன்று. 30 அடி ஆழக் கிணற்றில் மாடுகள் 30 அடி நடந்து 6 அடி தாழ்கின்றன. திரும்பும்போது 700 கிலோ உடலை அந்த 6 அடி உயரத்திற்கு அவையே ஏற்றவேண்டும். தண்ணீரைத் தூக்கும் வேலை 4500 கிலோ-அடி. மாடுகள் மேலேறும் வேலை 4200. ஆகவே இறங்கும்போது தெரியாத பாரம் ஏறும்போது வந்து சேர்கிறது. பின்னோக்கி ஏறும் மாட்டை அவசரப்படுத்தி அடித்தவர், கடன் தீர்க்கும் வேளையில் அதனைத் தண்டித்தவராவார்.

பம்புசெட்டு

1930-களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதியை அடைந்தது முதல் கவலை படிப்படியாக மறைந்தது. ஆனால் விதி மறையவில்லை. 1 குதிரைத்திறன் ஒரு விநாடியில் ஏறத்தாழ 76 கிலோவை 1 மீட்டர் தூக்கும். 5 குதிரைத்திறன் மோட்டார் 30 மீட்டர் ஆழத்திலிருந்து விநாடிக்கு 12 லிட்டருக்குச் சற்று மேல் கொடுக்கவேண்டும். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் பாதி வீணானால் 6 லிட்டரே கிடைக்கும். நீர்மட்டம் 60 மீட்டருக்குத் தாழ்ந்தால், அதே செலவில் 3 லிட்டர்தான் வரும். அக்கம்பக்கத்தார் போட்டியிட்டுக் கிணற்றை ஆழப்படுத்துவது எல்லோருடைய செலவையும் உயர்த்துவதாகும்.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை:

1. மேலேயிருந்து உறிஞ்சும் பம்பைத் தண்ணீருக்கு இயன்றவரை அருகில் அமைக்கவேண்டும். உறிஞ்சும் உயரம் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேற்படலாகாது. பெரிய மோட்டார் வாங்கினும் இவ்வெல்லை மாறாது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தமேயன்றி மோட்டாரன்று.

2. குழாயில் வளைவுகளைக் குறைத்து, போதிய அகலமுள்ள குழாயையே இடவேண்டும்.

3. மேட்டில் தண்ணீர் விடுவதற்காகக் குழாய் வாயை வீணாக உயர்த்தலாகாது. உயர்த்தும் ஒவ்வோர் அடியும் செலவேயாகும்.

4. கையால் இறைக்கும் கிணற்றில் கப்பியின் அச்சுக்கு மசகு இடுவதை மறத்தலாகாது.

புதிய யந்திரம் வாங்குமுன் எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு உயரம் தூக்கவேண்டும், வழியில் எவ்வளவு வீணாகும் என்னும் மூன்றையும் கணக்கிடுக. கிராம அலுவலர்களும் தம் ஊராருக்கு இக்கணக்கை எடுத்துச் சொல்வது நலம். முன்னோர் சரிவை அமைக்குமுன் கிணற்றின் ஆழத்தை அளந்தனர்; கருவி மாறியபோதும் அளக்கும் வழக்கம் மாறவேண்டியதில்லை.